சக்கரம் மேலே போன பிறகும் பம்ப் ஓடுகிறது: பழைய ஆரோ விமானத்தில் அழுத்தம் எங்கே போகிறது?

கேள்வி: ஆரோ73

வணக்கம். நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து 1973-ஆம் வருடத்துப் பைப்பர் ஆரோ, பிஏ-28ஆர்-200 வைத்திருக்கிறோம். பறக்கும்போது சக்கரங்களை எண்ணெய் அழுத்தத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் சிறிய விமானம். ஐந்து வருடமாக ஓட்டுகிறோம். மூன்று மாதமாக ஒரு தொல்லை. சின்ன விவரத்தையும் விடாமல் சொல்கிறேன், எது உதவும் என்று எனக்குத் தெரியவில்லை.

புறப்பட்டதும் கியர் (சக்கர) நெம்புகோலை மேலே தள்ளினால் சக்கரங்கள் வழக்கம்போல ஏழு நொடிக்குள் உள்ளே போய்விடுகின்றன. விளக்குகளும் சரியாக அணைகின்றன. அதன் பிறகு மட்டமாகப் பறந்துகொண்டிருக்கும்போது, சாமான் வைக்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து 'விர்ர்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு நொடிதான். அதே நொடியில் அம்மீட்டர் முள் துள்ளி எழுந்து திரும்ப விழும். ஆரம்பத்தில் 40 நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டது. போன வாரம் நிறுத்துக்கடிகாரம் வைத்துக் குறித்தேன்: 4 நிமிடம் 10 நொடி, 4 நிமிடம் 5 நொடி, 3 நிமிடம் 50 நொடி.

வெளியே எங்கும் எண்ணெய்க் கசிவு இல்லை. சக்கர அறைகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், எண்ணெயின் சிவப்பே படவில்லை. தொட்டியில் எண்ணெய் அளவும் குறையவில்லை.

வழக்கமாக வேலைக்கு விடும் பட்டறையில், "பம்ப் போய்விட்டது, பவர் பேக்கை அப்படியே மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். பவர் பேக் என்பது எண்ணெய்ப் பம்ப், மோட்டார், தொட்டி எல்லாம் சேர்ந்த பெட்டி. ஒரு கேஜ்கூட (அழுத்தமானி) மாட்டிப் பார்க்கவில்லை. சத்தத்தைச் சொன்னதும் வந்த பதில் அது. பம்ப்பை மாற்றிய பிறகும் இதே சத்தம் வந்தால் என்ன செய்வது?

இன்னொன்று. இரண்டு வாரம் முன்பு இறங்கும்போது மூக்குச் சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் வட்டத்தை விட்டு வெளியே போய், மறுபடி மேலே ஏற்றி இறக்கியதும் எரிந்தது. இரண்டும் ஒரே கோளாறா? அன்றிலிருந்து மூன்று பச்சையும் எரியும்வரை என் கண் வேறெங்கும் போவதில்லை.

பதில்: இடது இருக்கை

கோளாறு எது என்பதைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதுவரை பறப்பதாக இருந்தால் ஓட்டுபவர் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

பகலில் பச்சை விளக்கு எரியவில்லை என்றால் முதலில் பேனல் விளக்கு சுவிட்சைப் பாருங்கள். ஆரோவில் அது போடப்பட்டிருந்தால் கியர் விளக்குகள் இரவுக்கான மங்கல் வெளிச்சத்துக்கு இறங்கிவிடும். வெயிலில் அணைந்த மாதிரிதான் தெரியும். அடுத்து, எரியும் பல்பு ஒன்றைப் பிடுங்கி எரியாத இடத்தில் போட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே வகை.

அவசர இறக்கத்தை ஒரு தடவை பயிற்றுநரோடு போய்ச் செய்துவிட்டு வாருங்கள். ஆரோவில் சக்கரத்தை மேலே தாங்கிப் பிடிக்கும் கொக்கி எதுவும் கிடையாது. எண்ணெய் அழுத்தம் மட்டுமே பிடிக்கிறது. அழுத்தத்தை விடுவித்தால் தன் எடையில் விழும், ஸ்பிரிங்குகள் பூட்டுக்குள் தள்ளும். வேகத்தை மணிக்கு 100 மைலுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு, இருக்கைகளுக்கு நடுவே உள்ள அவசர நெம்புகோலை அழுத்த வேண்டும். முக்கியச் சக்கரம் பூட்டத் தயங்கினால் ரட்டரால் வாலை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டலாம். வரிசையைக் கையேட்டில் உள்ளபடியே செய்யுங்கள், நான் எழுதியதை வைத்து வேண்டாம். ஒரு தடவை கையால் செய்துவிட்டால் அந்த 'விர்ர்' கேட்கும்போது மனது படபடக்காது.

பதில்: பழைய ஸ்பேனர்

தம்பி, பவர் பேக்குக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். பம்ப் ஒரு நொடி ஓடி நிற்கிறது என்றால், அது அழுத்தத்தை ஏற்றுகிறது, பிரஷர் சுவிட்சும் வேலை செய்கிறது. ஏற்றிய அழுத்தம் எங்கேயோ வழிந்து போகிறது. அந்த வழியைத்தான் தேட வேண்டும்.

உங்கள் விமானத்தில் நடப்பது இதுதான். சக்கரம் முழுதாக மேலே போனதும் அழுத்தம் ஏறி, 1800 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) சுமாரில் சுவிட்ச் பம்ப்பை நிறுத்தும். அதிலிருந்து 200 முதல் 400 பிஎஸ்ஐ இறங்கினால் மறுபடி ஓட்டும். எண்ணெய் கிட்டத்தட்ட அமுங்காத பொருள். அதனால் 300 பிஎஸ்ஐ இறங்க ஒரு கோப்பை எண்ணெய் வழிய வேண்டாம், சில துளிகள் இடம் மாறினாலே போதும். உங்கள் துணியில் சிவப்பு படாததற்கும் தொட்டி குறையாததற்கும் இதுவே காரணம். எண்ணெய் வெளியே போகவில்லை, மேலேற்றும் பக்கத்திலிருந்து கீழிறக்கும் பக்கத்துக்கு உள்ளேயே நழுவித் தொட்டிக்குத் திரும்புகிறது.

அப்படி நழுவ மூன்று இடம் உண்டு. ஒன்று, பவர் பேக்குக்கு உள்ளே இருக்கும் செக் வால்வு, அதாவது எண்ணெயை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு. ஒரு தூசி உட்கார்ந்தாலும் அது முழுதாக மூடாது. இரண்டு, சக்கரத்தை விழவிடும் வால்வு, அதோடு சேர்ந்த தானியங்கி இறக்கி. மூன்று, சக்கரங்களை இழுக்கும் மூன்று சிலிண்டர்களின் பிஸ்டனில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். 50 வருடத்து விமானத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது மூன்றாவதை. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பாகம் வாங்கக் கூடாது.

பணம் செலவழியாத சோதனை முதலில். உங்கள் விமானத்தின் தானியங்கி இறக்கி இன்னும் இணைப்பில் இருக்கிறதா? பல விமானங்களில் பின்னாளில் துண்டித்துவிட்டார்கள். உடலின் இடது பக்கம் தனியாக ஒரு காற்றுக் குழாய்க் கம்பம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றழுத்தத்தை ஒரு ரப்பர்த் தகடு உணர்ந்து, எஞ்சின் சக்தி இல்லாமல் வேகம் மணிக்கு 105 மைல் சுமாருக்குக் கீழே வந்தால் வால்வைத் திறந்து சக்கரத்தை விழவிடும். முழுச் சக்தியில் இருந்தால் அந்த எல்லை 85 மைல் சுமார். தகடு நைந்துபோனாலோ சரிக்கட்டல் தவறினாலோ, மெதுவாக ஏறும்போதே வால்வு கொஞ்சம் வாய் திறக்கும். ஆகவே அடுத்த பறப்பில் இரண்டு கணக்கு எடுங்கள். மெதுவாக ஏறும்போது எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை, வேகமாக மட்டத்தில் போகும்போது எத்தனை நிமிடம். அப்புறம் அவசர நெம்புகோலை மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு அதே கணக்கை மறுபடி எடுங்கள். மாட்டினதும் சத்தம் நின்றால் கோளாறு இறக்கியில். எந்த மாறுதலும் இல்லை என்றால் அந்தச் சந்தேகம் பெருமளவு குறைகிறது. இறங்குவதற்கு முன் கொக்கியை எடுத்துவிட மறக்காதீர்கள். மாட்டியிருக்கும்வரை மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

ஏறத் தொடங்கிய முதல் சில நிமிடத்தில் ஒரு தடவை பம்ப் ஓடினால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தரையில் சூடாக இருந்த எண்ணெய் மேலே போய்க் குளிர்ந்து சுருங்கும்போது அழுத்தம் தானாகவே இறங்கும்.

கணக்கோடு வாருங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.

ஆரோ73

சார், நேற்று ஒன்றரை மணி நேரம் பறந்தோம். நண்பர் ஓட்டினார், நான் காகிதமும் கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தேன். இறக்கி இணைப்பில்தான் இருக்கிறது. மெதுவாக ஏறும்போது 4 நிமிடம். மட்டத்தில் 4 நிமிடத்துக்குச் சற்று மேலே. நெம்புகோலைக் கொக்கியில் மாட்டிய பிறகும் 4 நிமிடம். ஒரு மணி நேரம் கழித்து, எல்லாம் சூடான பிறகு, மூன்றரை. பேனல் விளக்கு அன்று அணைந்துதான் இருந்தது. பல்பையும் மாற்றிப் பார்த்துவிட்டோம், நல்ல பல்புதான்.

பதில்: நான்கு பேர் விமானம்

எங்கள் கிளப்பில் இருப்பது செஸ்னா 172ஆர்ஜி. எண்கள் வேறு: 1500 பிஎஸ்ஐ-யில் பம்ப் நிற்கும், 1000-க்குக் கீழே போனால் திரும்ப ஓடும். அவசரத்துக்கு எங்களுக்குக் கைப் பம்ப். சக்கரம் தானாக விழுந்து பூட்டும் என்று நம்ப முடியாது, எண்ணெய் இருந்தால்தான் கைப் பம்ப்புக்கும் வேலை. அதனால் வெளிக்கசிவுக்கு நாங்கள் உங்களைவிடப் பயப்பட வேண்டியவர்கள். இந்தத் திரியைப் படிக்கும் செஸ்னாக்காரர்கள் ஆரோவின் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணெயைப் பற்றி ஒன்று. இந்த இரண்டு விமானத்துக்கும் 5606 என்ற சிவப்பு எண்ணெய். கார் பிரேக் எண்ணெயை ஒரு மூடி அளவுகூட ஊற்றக் கூடாது. அது வேறு வகை, இந்த ஓ-ரிங் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பெரிய விமானங்களின் ஊதா நிற ஸ்கைட்ராலும் அப்படித்தான். ஆரோ73, உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் எதை ஊற்றினார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். தொட்டியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பாகிக் கருகல் வாடை அடித்தால் எல்லாவற்றையும் கழுவி மாற்ற வேண்டும். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் காற்று கலந்திருக்கிறது.

பதில்: பழைய ஸ்பேனர்

நல்ல கணக்கு, தம்பி. சூடானதும் இடைவெளி குறைவது எண்ணெய் இளகி ரிங்கைத் தாண்டுவதற்குப் பொருந்துகிறது. இனிமேல் ஜாக்கில் ஏற்றித்தான் பார்க்க முடியும். உரிமம் உள்ள மெக்கானிக் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய வேலை, கையெழுத்தும் அவருடையதுதான். நீங்கள் கூட இருங்கள், எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு இருங்கள்.

ஜாக்கில் ஏற்றிய விமானம் மூக்குப் பக்கம் சாயாமல் பிடிக்கும் வால் தாங்கியில் எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். சக்கரம் மேலே இருக்கும்போது அதைப் பிடித்திருப்பது அழுத்தம் மட்டுமே. எந்த நொடியும் விழலாம் என்று நினைத்தே வேலை செய்யுங்கள். விழும் பாதையில் தலையோ கையோ கூடாது. இன்னொன்று, கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். 1800 பிஎஸ்ஐ-யில் ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னக் காயம்தான் தெரியும், உள்ளே கையே போகும் ஆபத்து. அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

முதல் வேலை: பவர் பேக்கிலிருந்து கிளம்பும் இரண்டு குழாயையும் கழற்றி, மேலேற்றும் வாயில் ஒரு கேஜும் மூடியும், மற்றதில் மூடி. பம்ப்பை ஓட்டி நிறுத்தி, கேஜைப் பார்த்துக்கொண்டிருங்கள். அழுத்தம் இறங்காமல் நின்றால் பேக் நல்லது, விவாதமே இல்லை. இறங்கினால் உடனே பேக்கைக் குற்றம் சொல்லாதீர்கள். மூடிய வாய்க்குள் இருக்கும் எண்ணெய் மிகக் கொஞ்சம், அதில் அரைத் துளி போனாலும் முள் வேகமாக விழும். இந்த இடத்தில் ஏமாந்து நல்ல பேக்கைக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேக் தேறினால் குழாய்களை மாட்டி, தரையில் காற்று வேகம் இல்லாததால் இறக்கி குறுக்கிடாதபடி அவசர நெம்புகோலைக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சக்கரத்தை மேலே ஏற்றுங்கள். மாஸ்டர் சுவிட்சை (மொத்த மின்சாரம்) அணைத்து, பம்ப்பின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு சிலிண்டரின் கீழிறக்கும் பக்கக் குழாயை, மேலேற்றும் பக்கத்தை அல்ல, மெதுவாக இளக்கிக் கழற்றுங்கள். குழாயை மூடிவிட்டு, சிலிண்டரின் வாயைத் திறந்தே விட்டு அடியில் ஒரு குப்பி வையுங்கள். உள்ளே தங்கியிருந்தது கொஞ்சம் வடியும். வடிந்து நின்றால் அந்த ரிங் நல்லது. நிற்காமல் சொட்டினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். மூன்றுக்கும் இதையே செய்யுங்கள், ஒன்றில் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். மூன்றும் ஒரே வயது ரப்பர்.

மூக்குச் சக்கர விளக்கு என் கணக்கில் வேறு கதை. இறங்கும்போது பூட்டுவது பெரும்பாலும் மூட்டுகளும் ஸ்பிரிங்கும் கிரீஸும் செய்கிற வேலை. ஹைட்ராலிக் கோளாறு என்று என்னிடம் வந்த விமானங்களில் பாதியில் கோளாறு எண்ணெயில் இல்லை. காய்ந்த மூட்டு, நீண்டு தளர்ந்த ஸ்பிரிங், நகர்ந்துபோன சுவிட்ச், துருவேறிய எர்த் கம்பி. மூக்குச் சக்கரம் எஞ்சின் சூட்டுக்கும் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கும் நடுவில் வாழ்கிறது, அதற்குக் கிரீஸ் தவறக் கூடாது. ஜாக்கில் இருக்கும்போதே கையால் ஆட்டிப் பாருங்கள். பூட்டுக் கொக்கி தயங்காமல் உட்கார வேண்டும், அது உட்கார்ந்த பிறகுதான் பச்சை விளக்குக்கான சுவிட்ச் சொடுக்க வேண்டும். பம்ப் ஓடும்போது மோட்டார் முனையிலேயே வோல்ட் அளந்து வையுங்கள். பேட்டரியில் இருப்பதற்கும் அங்கே வருவதற்கும் வித்தியாசம் அதிகம் இருந்தால் ரிலேயையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். வோல்ட் குறைந்தால் பம்ப் திணறும், அதையும் பம்ப் கெட்டதாகவே சொல்வார்கள்.

ஆரோ73

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், வேறொரு மெக்கானிக் கிடைக்கத்தான் அத்தனை நாள். அவர் உங்கள் பதிலை முழுதாகப் படித்துவிட்டு, "இந்த வரிசையிலேயே போவோம்" என்றார்.

பவர் பேக்கில் கேஜ் மாட்டினோம். 1800-க்குக் கொஞ்சம் கீழே பம்ப் நின்றது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. மாற்றச் சொன்ன பேக் இது.

மூக்குச் சிலிண்டர் வடிந்து நின்றது. வலதும் அப்படியே. இடது சிலிண்டரில் குழாயைக் கழற்றியதும் வடிந்து, நூலாகி, துளியானது. நின்றுவிடும் என்று காத்திருந்தேன். திறந்த வாயின் கீழ் உதட்டில் சிவப்பாக ஒரு மணி திரளும், கனத்துத் தொங்கும், குப்பியில் விழும், உடனே அடுத்தது திரளும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன், நிமிடத்துக்கு ஐந்து. மூன்று மாதமாகக் காதால் மட்டும் கேட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

சிலிண்டரைப் பிரித்தோம். ரிங் கிழியவில்லை. குறுக்கே வெட்டிப் பார்த்தோம். வட்டமாக இருக்க வேண்டிய முகம் வெளிப்பக்கம் தட்டையாகிவிட்டிருந்தது. நகத்தால் அழுத்தினால் புது ரிங் மீண்டு எழுகிறது, இது எழவில்லை. சிலிண்டரின் உள்சுவரில் மெக்கானிக் நகத்தை ஓட்டிப் பார்த்தார், எங்கும் தடுக்கவில்லை. ஒரு கீறல் இருந்திருந்தால் புது ரிங்கும் சீக்கிரம் போயிருக்கும் என்றார். பாகப் பட்டியலில் சொன்ன எண்ணிலேயே வாங்கி, 5606-இல் நனைத்து, கூர்மையான எதுவும் படாமல் போட்டார். மூன்று சிலிண்டருக்கும் மாற்றிவிட்டோம்.

மூக்குச் சக்கரத்தில் நீங்கள் சொன்னதுதான். மூட்டு முள் ஒன்றில் கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி இறுகியிருந்தது. சுத்தம் செய்து புதுக் கிரீஸ் ஏற்றி, ஸ்பிரிங்கை மாற்றினோம். சுவிட்ச் சரியாகவே இருந்தது. ஜாக்கில் பத்துத் தடவை ஏற்றி இறக்கினோம், பத்துத் தடவையும் மூன்று பச்சை. கடைசியாக அவசர நெம்புகோலால் மூன்று தடவை விழவிட்டோம், மூன்று தடவையும் பூட்டியது.

நேற்று ஒரு மணி 50 நிமிடம் பறந்தோம். ஏறும்போது ஏழாவது நிமிடத்தில் ஒரு 'விர்ர்'. எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றது. அப்புறம் குளிர்ந்து சுருங்குவதைப் பற்றி நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு இறங்கும்வரை ஒன்றும் இல்லை. நன்றி சார். பவர் பேக் அதே இடத்தில் இருக்கிறது.

பதில்: பழைய ஸ்பேனர்

சந்தோஷம் தம்பி. இன்னும் இரண்டு மூன்று பறப்புக்குத் தொட்டி அளவைப் பாருங்கள். குழாய்களில் சிக்கிய காற்று சக்கரம் ஏறி இறங்க ஏறி இறங்கத் தொட்டிக்கு வந்து வெளியேறும், அளவு கொஞ்சம் இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்துக் கலங்க வேண்டாம், நிரப்பிவிடுங்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகும் இறங்கினால் எழுதுங்கள்.

ஜாக்கில் இருந்தபோது சக்கர அறைகளின் வளையும் ரப்பர்க் குழாய்களைப் பார்த்தீர்களா? அதில் தேதிப் பட்டை இருக்கும். பழைய குழாயின் உள்தோல் உரிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஒரு மடிப்பு வால்வு மாதிரி நின்று எண்ணெயை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுக்கும். ரிங்குகளுக்கு இந்த வயது என்றால் குழாய்களுக்கும் அதே வயதாக இருக்கலாம்.

ஆரோ73

பார்க்கவில்லை சார். சனிக்கிழமை பேனலைத் திறந்து தேதிகளைக் குறித்துக்கொண்டு வந்து எழுதுகிறேன்.